தஞ்சாவூர்ப் பேரங்காடி

தஞ்சாவூருக்கு வருகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்க்கிறார்கள். அரண்மனையைச் சுற்றுகிறார்கள். சரசுவதி மகாலை எட்டிப் பார்த்துவிட்டு, தலையாட்டிப் பொம்மை ஒன்றை வாங்கிக்கொண்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். அரண்மனைக்குப் பக்கத்திலேயே இருக்கும் காமராஜ் மார்க்கெட்டை எட்டிப் பார்ப்பவர் சொற்பம். குடும்பம் நடத்தும் சகோதரிகள் ஒரு நாள் விடிகிற வேளையில் அங்கே போய் வரவேண்டும். கையில் பை அவசியம். வெறும் வேடிக்கை பார்க்கத்தான் என்று போகிறவர்களுக்குத்தான் பெரிய பை வேண்டியிருக்கும்!

கட்டடம் புதிது. பழைய மார்க்கெட்டை இடித்துவிட்டு, ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் கட்டியது. ஆனால் இந்த ஊர் வியாபாரம் எவ்வளவு பழையது என்று தெரிய வேண்டுமானால் பெரிய கோயிலின் கல்லெழுத்தைத்தான் கேட்க வேண்டும்.

1010-ஆம் ஆண்டில் அந்தக் கோயிலைக் கட்டி முடித்த ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டுகளில் தஞ்சையின் பெருந்தெருக்களும் அங்காடியும் பெயரோடு வருகின்றன. திரிபுவனமாதேவிப் பேரங்காடி அவற்றுள் ஒன்று. கோயில் பிள்ளையாருக்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் நிவேதனம் நடக்க வேண்டும் என்பது ராஜாவின் விருப்பம். அதற்காக அவன் செய்த ஏற்பாட்டைப் பாருங்கள். 360 காசை ஊர் வியாபாரிகளிடம் முதலாகக் கொடுத்துவைத்தான். காசுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு வட்டி. ஆக 45 காசு. காசுக்கு 1,200 பழம் என்றால் 54,000 பழம். வருஷத்துக்கு 360 நாள் என்று வைத்து வகுத்தால், ஒரு பழம் கூடாமல் குறையாமல் நாளுக்கு 150! முதல் கரையாது; பிள்ளையாரும் பட்டினி கிடக்கமாட்டார். மாதக் கடைசியில் பால் கணக்கோடு மல்லாடும் நமக்கு இது பொறாமையாகத்தான் இருக்கிறது.

'ஒரு காசுக்கு 1,200 பழமா!' என்று பெருமூச்சு விடாதீர்கள். அந்த ஒரு காசு அன்று இரண்டு கலம் நெல்லின் விலை.

இன்றும் இந்தப் பக்கத்தில் வாழை என்றால் திருவையாற்றுப் பக்கமும் கொள்ளிடத்துப் படுகையும்தான். பூவன் பழத்துக்கும் இலைக்கும் பேர்போனது. வறுவலுக்கும் பஜ்ஜிக்கும் மொந்தன் காய். பூ, தண்டு, இலை என்று வாழையில் வீணாகிறது ஒன்றுமில்லை.

மற்றக் காய்கறிகளின் கதை வேறு. நாலா பக்கமும் பச்சைப் பசேல் என்று வயல் இருக்க, கேரட்டும் பீன்ஸும் நீலகிரியிலிருந்து லாரியில் வருகின்றன. தக்காளி, வெங்காயமும் வெளியூர்ச் சரக்குத்தான். காரணம் தண்ணீர்தான். சம்பா பருவத்தில் வயலெல்லாம் நீர் கட்டி நிற்கும். நெல் தாங்கும், காய்கறிச் செடியின் வேர் அழுகிவிடும். வண்டல் மேடிட்ட படுகையில் மட்டும் கத்தரிக்காயும் அவரையும் கொஞ்சம் பிழைக்கின்றன.

அரிசிக் கடையில் ரகத்தை மட்டும் கேட்டால் போதாது, வயதையும் கேளுங்கள். புது அரிசி பொங்கலுக்குச் சரி. அன்றாடச் சாதத்துக்குக் குழைந்துவிடும். ஆறு மாதமாவது கிடந்த அரிசிதான் தண்ணீர் குடித்து உதிர் உதிராக வரும்.

வெளியே சாக்கை விரித்துக் கீரைக் கட்டு அடுக்கியிருந்த ஒரு வயதான அம்மாளிடம் விலை கேட்டேன். விலையைச் சொல்லிவிட்டு, தன் கதையையும் சொன்னாள்.

"நடவு இருந்தா வயலுக்குப் போயிடுவேன். இல்லேன்னா கீரைதான். தண்ணி வராத அந்த வருஷம் ஆனி பூரா இங்கேதாம்மா உட்கார்ந்திருந்தேன். கீரை இருந்துச்சு, வாங்கத்தான் ஆளில்லே."

அவள் சொன்னது 2024-ஆம் வருஷத்தை. 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024-இல் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தார்கள். ஆற்றை நம்பியிருந்த குறுவை வயல்களில் நடவு இல்லை. நடவு இல்லாத ஊரில் பெண்களுக்குக் கூலி இல்லை. கூலி வராத வீட்டில் முதலில் குறைகிறது காய்கறிதான். ரசமும் துவையலும் வைத்து நாளை ஓட்டிவிடுகிறார்கள். கிராமத்துக்குக் கூடையில் வாங்கிக்கொண்டு போகும் சில்லறை வியாபாரி பாதிக் கூடையோடு நிறுத்திக்கொள்கிறான். மேட்டூரில் மதகு மூடியிருந்தால் தஞ்சாவூரில் தராசுத் தட்டு காற்றாடுகிறது.

நல்ல வேளையாக, நான் போன அன்று அவளுடைய சாக்கு பாதிக்கு மேல் காலியாகியிருந்தது. இரண்டு கட்டு முளைக்கீரை வாங்கினேன். கொசுறாக ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் பையில் திணித்தவள், நான் எழுந்திருக்கும்போது கூப்பிட்டுச் சொன்னாள்: "வேகிறப்போ மூடி போட்டுடாதேம்மா, பச்சை போயிடும்!"