ஐபெர்ஃப் காட்டிய 1.05

பாளையங்கோட்டை பெருமாள்புரம் வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் இணைப்பு எடுத்த புதிதில், ஒரு ராத்திரி, லைன் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 என்ற கருவியை ஓட்டிப் பார்த்தேன். எதிர்முனையில், சென்னையில் நான் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு சர்வர். பத்து விநாடியில் திரையில் கணக்கு வந்தது: போனது 1.25 எம்பி, வேகம் 1.05 எம்பிபிஎஸ். நூறுக்குக் காசு வாங்கிக்கொண்டு ஒன்றுதான் தருகிறார்களா என்று, மறுநாள் விடிந்ததும் ஆளைக் கூப்பிட்டுவிட்டேன். வந்த பையன் மீட்டர் வைத்து ஃபைபரில் ஒளி சரியாக வருகிறதா என்று பார்த்தான். "அண்ணாச்சி, லைன்ல ஒரு கோளாறும் இல்ல. நீங்க எதை வச்சு டெஸ்ட் பண்ணுதீய?" என்றான்.

கோளாறு என்னிடம்தான். யூடிபி முறையில் தரவை அனுப்பிச் சோதிப்பதற்காக 'மைனஸ் யு' கொடுத்த நான், என்ன வேகத்தில் அனுப்ப வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்லாவிட்டால் ஐபெர்ஃப்3 விநாடிக்கு ஒரு மெகாபிட்தான் அனுப்பும். மெகாவுக்கு 1024ஐ 1024ஆல் பெருக்கிக்கொள்வதால் அது 1.05 என்று தெரியும். திரையில் இருந்தது என் லைனின் வேகமே இல்லை, அந்தக் கருவி தானாக வைத்துக்கொண்ட வேகம்.

கையேட்டில் இது இல்லையா என்றால், இருக்கிறது. வேகத்தைச் சொல்வதற்கான 'மைனஸ் பி' என்ற கட்டளையின் விளக்கத்துக்கு நடுவில் ஒரு வரியாக இருக்கிறது. 'மைனஸ் யு'வைத் தேடிப் போன எனக்கு 'மைனஸ் பி'யைப் படிக்க என்ன அவசியம்? திறமூல மென்பொருள் ஆவணங்களில் பாதிக்கு மேல் இந்த வியாதிதான் என்பது என் கணிப்பு. தகவல் விடுபட்டிருக்காது, ஆனால் ஆள் தடுக்கி விழுகிற இடத்தில் அது இருக்காது.

கருவி என்னவோ எளிமையானதுதான். ஒரு கணினியில் அதைச் சர்வராக ஓடவிட்டால் 5201 என்ற போர்ட்டில் காத்திருக்கும். கிளையண்டாக ஓடும் இன்னொரு கணினி அதோடு பேசி, பத்து விநாடி தரவை அனுப்பி, எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று எண்ணிச் சொல்லும். வேகம் பார்க்கும் இணையதளங்களில் எதிர்முனை அவர்களுடையது. இங்கே இரண்டு முனையும் நம் கையில். மாடியில் வைஃபை சோம்புகிறதா, இல்லை வெளியே வரும் லைனே சோம்புகிறதா என்று பிரித்துப் பார்க்க இதுதான் வசதி. அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வு வலையமைப்பான ஈஎஸ்நெட் 2009இல் இதை எழுதத் தொடங்கி, 2014 ஜனவரியில் முதல் பதிப்பை வெளியிட்டது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம்.

புதிதாக வருகிறவர் விழும் அடுத்த குழி, திசை. சும்மா ஓட்டினால் தரவு கிளையண்டிலிருந்து சர்வருக்குப் போகும். வீட்டிலிருந்து ஓட்டினால் அது அப்லோடு. டவுன்லோடு வேகம் தெரிய கேப்பிட்டல் ஆர் போட வேண்டும். கேப்பிட்டலா ஸ்மாலா என்பதிலும் வம்பு உண்டு: ஸ்மால் பி போர்ட் எண்ணுக்கு, கேப்பிட்டல் பி ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு என்பதற்கு. (முன்னே சொன்ன வேகத்துக்கான 'பி' வேறு எழுத்து, ஆங்கில வரிசையில் இரண்டாவது. தமிழில் எழுதும்போது இந்த இரண்டு 'பி'யும் ஒன்றாகிவிடுகிற தொல்லை தனி.)

கடைசியில் இரண்டு வரி வரும், அனுப்பியவர் கணக்கு ஒன்று, பெற்றவர் கணக்கு ஒன்று. இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. நம்ப வேண்டியது பெற்றவர் வரியை. பக்கத்தில் 'ரெட்ர்' என்று ஓர் எண் இருந்தால், வழியில் தொலைந்ததாகக் கருதி மறுபடி அனுப்பிய துண்டுகள் அத்தனை என்று பொருள். கையேட்டில் கட்டளைகளை வரிசையாக அடுக்குவதைவிட, திரையில் வரும் இந்தப் பத்துப் பதினைந்து வரியை அப்படியே போட்டு ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வாக்கியம் எழுதினால் போதும், முக்கால்வாசிப் பேருக்கு வேலை முடிந்துவிடும்.

ஆவணம் பழையதாகிப்போவது இன்னொரு சிக்கல். 2023 இறுதியில் வந்த 3.16 பதிப்புக்கு முன், கேப்பிட்டல் பி போட்டு எத்தனை இணைப்பு கேட்டாலும் எல்லாம் ஒரே த்ரெட்டில்தான், அதாவது ஒரு நேரத்தில் கணினியின் ஒரே கோரில்தான், ஓடின. அதனால் வேகமான லைனை அளக்க ஐபெர்ஃப்3ஐயே பல தடவை தனித்தனியாக ஓட்டச் சொல்லி எழுதி வைத்தார்கள். இப்போது ஒவ்வோர் இணைப்புக்கும் தனி த்ரெட். பழைய குறிப்பைப் படிக்கிறவருக்கு இது எப்படித் தெரியும்?

இப்படிப்பட்ட ஆவணங்களைத் தமிழில் எழுதலாமா என்றால், தாராளமாக. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி இரேனியுஸ், புவியியலையே தமிழ் உரைநடையில் 'பூமி சாஸ்திரம்' என்று எழுதி 1832இல் அச்சேற்றினார். நம் காலத்தில் கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதி வருகிறது. ஆனால் சொல்லாக்கத்தில் அடம் வேண்டாம். 'பேண்ட்விட்த்' என்பதற்கு 'அலைவரிசை' என்று போட்டால் படிக்கிறவர் ரேடியோவை நினைப்பார். போர்ட் போர்ட்டாகவே இருக்கட்டும்.

இங்கே கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஐபெர்ஃப்3இன் நிரல் இருக்கும் கிட்ஹப்பிலேயே அதன் ஆவணமும் இருக்கிறது. திருத்தம் அனுப்ப சி மொழி தெரிய வேண்டியதில்லை. முதன்முதலாக ஓட்டும்போது எங்கே தடுக்கியது என்பதை அன்றைக்கே குறித்து வையுங்கள், ஒரு வாரம் போனால் மறந்துவிடும். அனுப்பும்போது எந்தப் பதிப்பில் பார்த்தது என்று எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள்.