பற்ற மறுக்கும் அடுப்பு!

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குளிர்காலம் கடுமையானது. வெளியே பனி கொட்டும். குழாயில் தண்ணீர்கூட உறைந்து போகும். வீட்டுக்குள் கணப்பு இல்லாமல் இருக்க முடியாது.

அங்கே பல வீடுகளில் "பெல்லட்" அடுப்பு இருக்கிறது. இது அறையைச் சூடாக்கும் அடுப்பு. கொட்டும் பனியில் இது பற்றாமல் போனால், குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் திண்டாட்டம்தான்.

மரத்தூளில் பிறந்தது

பெல்லட் என்பது என்ன? மரம் அறுக்கும் ஆலைகளில் மிஞ்சும் தூளை உலர்த்தி, இயந்திரத்தில் வைத்து அழுத்துகிறார்கள். மாட்டுத் தீவனக் குச்சி போலச் சிறு சிறு துண்டுகளாக வெளியே வருகிறது. பருமன் சுமார் 6 மில்லிமீட்டர். மரத்தில் இயற்கையாகவே உள்ள "லிக்னின்" என்ற பொருள் சூட்டில் இளகி, தூளை ஒட்ட வைத்துவிடுகிறது.

1973-ம் ஆண்டு உலகில் எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டது. எண்ணெய் விலை ஏறியது. மக்கள் வேறு எரிபொருளைத் தேடினார்கள். 1980-களில் ஜெர்ரி விட்ஃபீல்டு என்ற என்ஜினீயர், வீட்டுக்கு ஏற்ற பெல்லட் அடுப்பை உருவாக்கினார். அவர் போயிங் விமானக் கம்பெனியில் வேலை பார்த்தவர்.

எப்படி எரிகிறது?

அடுப்பின் மேல் பகுதியில் ஒரு பெட்டி. அதில் பெல்லட்டைக் கொட்டி வைப்பார்கள். சுவிட்சைப் போட்டதும் ஒரு திருகு சுழன்று, பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும். அது துளைகள் உள்ள இரும்புக் கிண்ணத்தில் விழும்.

கிண்ணத்தை ஒட்டி ஒரு மின்சாரக் கம்பி பழுக்கக் காயும். அந்தச் சூட்டில் பெல்லட் பற்றிக்கொள்ளும். இதற்கே 5 முதல் 10 நிமிடம் ஆகலாம். ஒரு விசிறி புகையை வெளியே தள்ளும். தீப்பெட்டி வேண்டாம், மின்சாரம் வேண்டும்.

ஏன் பற்றவில்லை?

முதலில் பார்க்க வேண்டியவை எளியவை. மின்சாரம் வருகிறதா? பெட்டியில் பெல்லட் இருக்கிறதா? கதவு நன்றாக மூடியிருக்கிறதா? கதவு திறந்திருந்தால் பல அடுப்புகள் இயங்கமாட்டா.

இரண்டாவது, சாம்பல். பெரும்பாலும் குற்றவாளி இதுதான். கிண்ணத்தின் துளைகளைச் சாம்பல் அடைத்துக்கொள்ளும். காற்று நுழையாது. காற்று இல்லாமல் தீ ஏது?

தமிழ்நாட்டில் பல வீடுகளில் முன்பு மரத்தூள் அடுப்பு இருந்தது. தகர டின்னில் தூளைத் திணித்து, நடுவே துளை விட்டுப் பற்ற வைப்பார்கள். துளை சரிந்து மூடினால் புகைதான் வரும். இதுவும் அதே கதைதான்.

அடுப்பு நன்றாக ஆறிய பிறகே சாம்பலை அள்ள வேண்டும். அள்ளியதை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். ஆறியதுபோலத் தோன்றும் சாம்பலுக்குள் நெருப்பு ஒளிந்திருக்கும்!

மூன்றாவது, ஈரம். நல்ல பெல்லட்டில் ஈரம் 100-க்கு 10 பங்குக்கு மேல் இருக்காது. தண்ணீர் பட்டால் ஊதி, மறுபடியும் தூளாகிவிடும். அது பற்றாது, திருகையும் அடைக்கும்.

நான்காவது, கசிவும் அடைப்பும். கதவின் ஓரத்தில் உள்ள கயிறு நைந்தாலோ, புகைக்குழாயில் கரி அடைத்தாலோ காற்றோட்டம் கெடும். உடனே ஒரு காவல் சுவிட்ச், பெல்லட் விழுவதை நிறுத்திவிடும்.

இவை எல்லாம் சரி. பெல்லட்டும் விழுகிறது. ஆனாலும் தீ இல்லை. அப்படியானால் பற்ற வைக்கும் கம்பி கெட்டிருக்கலாம். அதை மாற்றுவது மெக்கானிக்கின் வேலை.

ஆபத்து எங்கே?

குளிர் தாங்காமல் சிலர் சுவிட்சைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் பெல்லட் விழுந்து குவியும். குவியல் புகைந்து, அடுப்பு முழுவதும் எரியக்கூடிய புகை நிறையும். அது திடீரென்று பற்றினால் வெடித்துக் கதவின் கண்ணாடியே சிதறலாம். ஆகவே, அடுப்பை நிறுத்தி, ஆறவிட்டு, கிண்ணத்தைக் காலி செய்த பிறகே மறுபடி முயல வேண்டும்.

அடுப்பு புகைந்துகொண்டிருக்கும்போது கதவைத் திறக்கவே கூடாது. மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றவும் கூடாது. அது உயிருக்கே உலை வைக்கும்.

இன்னொரு எதிரி கார்பன் மோனாக்சைடு. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர்களைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். இதைக் கண்டு ஒலி எழுப்பும் கருவி, அடுப்பு உள்ள வீட்டில் அவசியம் இருக்க வேண்டும்.

குளிர்காலத்துக்கு முன்பே அடுப்பையும் புகைக்குழாயையும் ஒருமுறை சுத்தம் செய்துவிட்டால், நடுராத்திரியில் நடுங்க வேண்டிய நிலை பெரும்பாலும் வராது.