மூளையில் ரத்தக்குழாய் புடைத்தால்: டாக்டர் டிரேக் காட்டிய வழி

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் சுவர் ஓரிடத்தில் பலவீனமாகி, பழைய சைக்கிள் டியூப்போலப் புடைத்துக்கொள்வது உண்டு. இதற்கு அனூரிசம் (ரத்தக்குழாய்ப் புடைப்பு) என்று பெயர். வெடித்தால் மூளையைச் சுற்றி ரத்தம் பரவும், உயிருக்கே ஆபத்து.

வெடிக்காமல் தடுக்க முடியுமா? முடியும். 1937இல் அமெரிக்காவின் வால்டர் டான்டி, புடைப்பின் கழுத்தை ஒரு சிறிய கிளிப்பால் இறுக்கி மூடிக் காட்டினார். ஆனால் எல்லா இடத்துக்கும் கத்தி எட்டவில்லை. மூளைத்தண்டை ஒட்டி ஓடும் பேசிலார் தமனியில் புடைப்பு வந்தால் சர்ஜன்கள் தயங்கினார்கள். மூச்சும் நினைவும் அந்தத் தண்டை நம்பியிருக்கின்றன. அதற்கு ரத்தம் தரும் நூலிழைக் குழாய்கள் புடைப்பின் பின்னாலேயே ஒட்டிக்கிடக்கும். அவற்றில் ஒன்று அடைபட்டாலும் நோயாளி கண்விழிக்காமல் போகலாம்.

அந்த இடத்தைத்தான் கனடாவின் லண்டன் நகரில் இருந்த டாக்டர் சார்லஸ் டிரேக் (1920–1998) தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். 1961இல் நான்கு பேருக்குச் செய்த சிகிச்சையை எழுதி வெளியிட்டார். வழியில் குறுக்கிடும் நரம்பையோ குழாயையோ நசுக்காமல் தாண்டிப்போக, நடுவில் துளையுள்ள கிளிப்பை உருவாக்கினார். 1996இல் சக மருத்துவர்களோடு அவர் வெளியிட்ட நூல் 1,767 நோயாளிகளின் அனுபவத்தைச் சொல்கிறது. தோற்ற சிகிச்சைகளையும் அவர் மறைக்கவில்லை. எங்கே பிசகியது என்று மற்ற சர்ஜன்கள் முன் விளக்கினார். எனக்கு அவரிடம் மிகப் பெரிதாகத் தெரிவது இதுதான்.

இதில் உங்களுக்கு என்ன பயன்? இந்தச் சிகிச்சையில் கைப்பழக்கம்தான் பாதி மருந்து. "இதுபோல வருஷத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள், டாக்டர்?" என்று கேளுங்கள். தயங்க வேண்டாம், அது மரியாதைக்குறைவு அல்ல.

மண்டையைத் திறந்தே ஆக வேண்டுமா? எப்போதும் இல்லை. தொடை அல்லது மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, புடைப்பைக் காயில் (மெல்லிய உலோகச் சுருள்) கொண்டு அடைக்கிறார்கள். டிரேக் போராடிய பேசிலார் புடைப்புகளுக்கு இன்று பெரும்பாலும் இந்த வழிதான்.

வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் புடைப்பு தெரிந்தால் பதற வேண்டாம். பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்கு இது இருக்கிறது, பெரும்பாலானவை வெடிப்பதில்லை. அளவையும் இடத்தையும் பார்த்துச் சிகிச்சையா, கண்காணிப்பா என்று டாக்டர் முடிவு செய்வார். பீடி, சிகரெட்டை அடியோடு விடுவதும் ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும் உங்கள் பங்கு.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? வாழ்நாளில் கண்டிராத தலைவலி ஒரே நிமிடத்தில் உச்சிக்கு ஏறினால். கூடவே வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கம் வரலாம். திடீரென ஓர் இமை தொங்குவதும் எச்சரிக்கைதான். மாத்திரை போட்டுப் படுக்காதீர்கள். வலி குறைந்தாலும் போயே ஆக வேண்டும். ஒருமுறை கசிந்த புடைப்பு மறுபடி வெடிக்கும் அபாயம் முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டால் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கச் சொல்லலாம், மறுக்காதீர்கள்.

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் இருவருக்கு இது இருந்திருந்தால், தலைவலிக்குக் காத்திராமல் நரம்பியல் டாக்டரிடம் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.