பெட்ரோல் காருக்கு மின்சார உயிர்!

மின்சாரக் கார் என்றதும் ஏதோ நேற்று முளைத்த அதிசயம் என்று எண்ணிவிடாதீர்கள். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை உலகிலேயே முதன்முதலாகத் தாண்டிய மோட்டார் வண்டி பாட்டரியில் ஓடிய வண்டிதான்! 1899-ல் காமில் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியத்துக்காரர் பாரிஸ் அருகே அந்தச் சாதனையைச் செய்தார். பிறகு பெட்ரோலின் காலம் வந்தது. பாட்டரி வண்டி மூலைக்குப் போயிற்று.

வண்டியின் தீனியை மாற்றுவதும் நமக்குப் புதிதல்ல. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்ததும், நம் பஸ்களின் முதுகில் கரியடுப்பு ஏறிக்கொண்டது. கரியிலிருந்து உண்டான வாயுவைக் குடித்துவிட்டு, மேடு வந்தால் மூச்சு வாங்கிக்கொண்டு அவை ஓடின.

சரி, கொட்டகையில் தூங்கும் அப்பா காலத்துக் காருக்கு மின்மோட்டாரை மாட்டி ஓட்ட முடியுமா? திருப்பூரில் இதைக் கேட்டால், “எத்தனை எச்.பி. வேணுமுங்க?” என்று பதில் கேள்வி வந்தாலும் ஆச்சரியமில்லை. 1932-ல் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்த பிறகு கோவை வட்டாரத்தில் ஆலைகள் பெருகின. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் கோவையிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். கிணற்றில் மாடு இழுத்த ‘கவலை’ போய் மோட்டார் பம்பு வந்தது. குடியானவர் கவலையும் பாதி தீர்ந்தது! தையல் கூடத்துக்கே ‘பவர் டேபிள்’ என்று பெயர் வைத்த ஊரல்லவா திருப்பூர்?

எதைக் கழற்றுவது, எதை மாட்டுவது?

எஞ்சின், ரேடியேட்டர், பெட்ரோல் டாங்க், சைலன்ஸர் எல்லாம் முதலில் விடைபெறும். கியர் பெட்டி இருக்கலாம். அதன் தண்டோடு மோட்டாரின் தண்டை இணைக்க ஒரு தகடும் கப்ளிங்கும் கடைந்தெடுக்க வேண்டும். இரண்டும் ஒரே கோட்டில் நிற்காவிட்டால் வண்டி அதிரும், பேரிங் நாசமாகும். நல்ல லேத்தும் தேர்ந்த கையும் உள்ள கொங்கு நாட்டில் இது பெரிய காரியமில்லை. கால் மிதிக்கு ஏற்ப மின்சாரத்தை அளந்துவிட ‘கன்ட்ரோலர்’ ஒன்று. விளக்குக்கும் ஹாரனுக்கும் 12 வோல்ட் தர இன்னொரு பெட்டி.

பலருக்குத் தோன்றாத சங்கதி பிரேக். பல கார்களில் எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடமே பிரேக்கை மிதிக்கும் காலுக்குத் துணை. எஞ்சினை எடுத்தால் அந்தத் துணையும் போய்விடும். தனியாக ஒரு வாக்குவம் பம்பு வைக்காவிட்டால், அவசரத்தில் மிதிக்கும்போது பெடல் கல்லாக இருக்கும்!

பாட்டரிக் கணக்கு

சிறிய கார் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 0.15 யூனிட் மின்சாரம் வேண்டும். திருப்பூரிலிருந்து கோவை சுமார் 50 கிலோமீட்டர். போய்த் திரும்ப 15 யூனிட். இதை ஈய பாட்டரியில் சேமித்தால் அதன் எடை 400 கிலோவாவது இருக்கும். பழைய மாருதி 800-ன் எடையே சுமார் 650 கிலோதான். குருவி தலையில் பனங்காய்! லிதியம் பாட்டரி என்றால் 150 கிலோவுக்குள் அடக்கிவிடலாம். விலைதான் கையைக் கடிக்கும். வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பிளக்கில் அதன் வயிறு நிரம்ப ஐந்தாறு மணி நேரமாகும்.

இன்னொன்று: சாவியைத் திருப்பினால் எஞ்சின் அடங்கிவிடும்; பாட்டரி அடங்காது. வரிசையாக இணைத்த மின்கலங்களில் மின்சாரம் எப்போதும் விழித்தே இருக்கும். பம்பு மோட்டார் பார்த்த தைரியத்தில் இதில் கை வைப்பது விபரீதம்.

ஆர்.சி. புத்தகம் என்ன சொல்கிறது?

இங்கேதான் வீட்டுப் பட்டறையின் உற்சாகத்துக்குக் கடிவாளம். காரைத் தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக அதை இஷ்டம்போல் மாற்றக்கூடாது என்கிறது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. ஆனால் கதவை அடியோடு சாத்தவில்லை. அரசு வகுத்த நிபந்தனைகளின்படி மாற்றுக் கருவித் தொகுதி, அதாவது ‘கிட்’, பொருத்தி பாட்டரிக்கு மாறலாம். அந்தக் கிட் சோதனை நிலையத்தில் தேறி, உங்கள் கார் ரகத்துக்கென்று அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அதற்கு அனுமதி பெற்றவர்தான் பொருத்த வேண்டும். பிறகு 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தெரிவித்து, ஆர்.சி.யில் மாற்றத்தைப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் வண்டி எவ்வளவு அழகாக ஓடினாலும் சாலைக்கு உரியதல்ல. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸும் கைவிடக்கூடும்.

திருப்பூரின் ஓட்டம் மின்சாரத்துக்குப் பொருத்தமான ஓட்டம்தான். நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறை, அங்கிருந்து காம்பாக்டிங், பிரிண்டிங், பவர் டேபிள் என்று நின்று நின்று போகும் சிறு தூரங்கள். நெரிசலில் வண்டி நின்றால் மோட்டாரும் தின்னாமல் சும்மா இருக்கும். ஆகவே ஆசைப்படுவதில் தவறில்லை. ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறீர்கள் என்று முதலில் எழுதிப் பாருங்கள். உங்கள் காருக்கு அங்கீகாரம் பெற்ற கிட் உண்டா என்று விசாரியுங்கள். ஸ்பானரை அப்புறம் எடுக்கலாம்!