காக்காப்பொன் ஓடை

மிமாலேண்ட் பூங்கா என்றதும் என் தலைமுறை மலேசியத் தமிழர்கள் பலருக்கு டைனோசர் சிலைகள் ஞாபகம் வரும். எனக்கு வருவது குளிர். 1980களின் தொடக்கத்தில் ஒரு பள்ளி விடுமுறை நாளில், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸிலிருந்து அப்பா எங்களை அழைத்துப் போனார். கோம்பாக் பழைய சாலையில் மைல்கற்களை எண்ணிக்கொண்டே ஏறினோம். நல்ல உச்சி வெயில். அந்தப் பெரிய குளத்தில் காலை வைத்த மாத்திரத்தில் தண்ணீர் எலும்பைப் பிடித்துக்கொண்டது. "மலைத் தண்ணிடா, அப்படித்தான் இருக்கும்" என்றார் அப்பா.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா என் கால்சட்டைப் பையை உதறினார். குளத்துக்கு மேலே ஓடிய ஓடையில் நான் அள்ளிய மணல் சிமெண்டுத் தரையில் கொட்டியது. அதில் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. தங்கம் என்று கத்தினேன். பாட்டி குனிந்து பார்த்துவிட்டு, "இது காக்காப்பொன்னு" என்று சொல்லிப் பெருக்கித் தள்ளினார். மிமாலேண்டின் தண்ணீர் எங்கிருந்து வந்தது, பூங்கா ஏன் போனது, இரண்டுக்கும் விடை அந்தக் கைப்பிடி மணலில் இருந்தது என்பது எனக்குத் தெரிய வெகுகாலம் ஆனது.

மிமாலேண்ட் 1975-இல் உலு கோம்பாக் மலைச்சரிவில் திறந்தது. மலேசியாவின் முதல் தீம் பார்க் என்று அதைச் சொல்வார்கள். படகு விட ஏரி, சறுக்கு, தங்கும் குடில்கள் எல்லாம் இருந்தாலும் கூட்டத்தை இழுத்தது மலை ஊற்று நீரால் நிரம்பிய அந்தக் குளம். 1994-இல் மண் சரிந்த பிறகு பூங்காவை மூடினார்கள். அப்புறம் திறக்கவே இல்லை. காடு உள்ளே வந்துவிட்டது.

மழை பெய்தால் ஓடையில் தண்ணீர் வரும், சரி. பத்து நாள் மழையே இல்லாதபோதும் உலு கோம்பாக் ஓடைகள் ஓடுகின்றனவே, அது எப்படி? அந்த மலை தித்திவாங்சா தொடரின் பகுதி. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் உருகிய பாறைக் குழம்பு மெல்ல ஆறி இறுகிய கிரானைட். விரிசல் இல்லாத கிரானைட்டுக்குள் நீர் ஏறக்குறைய ஊறவே ஊறாது. ஆனால் அதற்குப் போர்வை ஒன்று உண்டு. மழைநீர் காற்றிலும் வேர்மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் லட்சக்கணக்கான ஆண்டுகளாக அரித்து அரித்து, பாறையின் மேற்புறத்தைப் பல மீட்டர் ஆழத்துக்கு மண்ணாக்கி வைத்திருக்கிறது. சில இடங்களில் இந்த மண் பத்துக்கணக்கான மீட்டர் போகும்.

தண்ணீரில் முக்கியெடுத்த அரிசிச் சாக்கை ஆணியில் மாட்டிப் பாருங்கள், நெடுநேரம் சொட்டிக்கொண்டே இருக்கும். மலையும் அப்படித்தான். இலைச்சருகு வழியாக, செத்த வேர் விட்டுப்போன துளைகள் வழியாக, கறையான் வளை வழியாக மழை உள்ளே இறங்குகிறது. கீழே இறுகிய பாறை தடுக்கிறது. தண்ணீர் பாறையின் மேலாகவும் அதன் விரிசல்களுக்குள்ளும் சரிவை நோக்கி ஊர்ந்து, நிலம் மடியும் இடத்தில் கசிந்து வெளியே வருகிறது. அதுதான் ஊற்று. நான் இறங்கிக் குளித்த தண்ணீரில் முந்தின நாள் மழையும் இருந்திருக்கும், மாதக்கணக்கில் மலைக்குள் காத்திருந்த மழையும் இருந்திருக்கும்.

குளிருக்கும் இதுதான் காரணம். காட்டு நிழலில், சில மீட்டர் ஆழத்தில், பகலும் இரவும் ஒன்றுதான். அந்த இடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பமே அங்கே நிலைத்து நிற்கும். வெளியே வெயில் கொளுத்தினாலும் ஊற்று தன் சூட்டை மாற்றிக்கொள்ளாது. போதாததற்கு, தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாக உடல் சூட்டைக் கடத்தும். அதே மழை, அதே கிரானைட்டில், பெரும் பிளவு ஒன்றில் விழுந்து வெகு ஆழம் போனால் கதையே வேறு. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி சூடேறும். திரும்பி வரும்போது வெந்நீர். செலாயாங்கில் வெந்நீர் ஊற்று இருப்பதும், செத்தாப்பாக்கில் ஒரு குடியிருப்புக்கே 'ஆயர் பானாஸ்' என்று பெயர் வந்ததும் இதனால்தான்.

இப்போது பையிலிருந்து கொட்டிய மணலுக்கு வருகிறேன். கிரானைட்டில் முக்கியமான கனிமங்கள் மூன்று: குவார்ட்ஸ், மைக்கா, ஃபெல்ட்ஸ்பார். குவார்ட்ஸ் எளிதில் கரையாது, வெள்ளை மணலாக மிஞ்சும். மைக்கா தகடு தகடாக உரியும். பாட்டி சொன்ன காக்காப்பொன் அதுதான். பாறையில் பாதிக்கு மேல் இருப்பது ஃபெல்ட்ஸ்பார். ஓடை மணலில் அதைத் தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும். மற்றதெல்லாம் மழையின் அமிலத்தில் களிமண்ணாக மாறி, ஆற்றோடு போய்விட்டது.

எங்கே போனது? 1881-இல் ஒரே ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. அத்தாப்புக் கூரைகளை விட்டுச் செங்கல்லிலும் ஓட்டிலும் கட்டச் சொன்னார் பிரிட்டிஷ் அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாம். ஆறுகள் மலையிலிருந்து கொண்டுவந்து படியவைத்த களிமண் கிள்ளான் ஆற்றோரத்தில் வேண்டிய மட்டும் இருந்தது. சூளைகள் எழுந்த அந்த இடம்தான் பிரிக்ஃபீல்ட்ஸ். மணலை உதறிய எங்கள் வீடு, அந்த மணலில் இல்லாத களிமண்ணால் பெயர் பெற்ற ஊரில் இருந்திருக்கிறது. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஊற்றைக் கொடுக்கும் அந்த மண்ணே சரியவும் செய்யும். ஈர மணலில் குழந்தைகள் கோட்டை கட்டுகிறார்களே, அது ஏன் நிற்கிறது? மணிகளுக்கிடையே உள்ள சிறிதளவு நீர் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. இன்னும் ஒரு வாளி ஊற்றினால் கோட்டை கரைந்து விழும். மலைச்சரிவிலும் இதே கணக்குதான். தொடர் மழையில் இடைவெளிகள் முழுக்க நிரம்பியதும் பிடிமானம் போய், நீரின் அழுத்தம் மணிகளைத் தள்ளிப் பிரிக்கிறது. சரிவை வெட்டித் தளம் அமைத்து, தண்ணீர் போகும் வழியை அடைத்துவிட்டால் மண் சரியும் நாள் சீக்கிரம் வரும். மிமாலேண்டில் மண் சரிந்ததற்கு முந்தின டிசம்பரில்தான், 1993-இல், உலு கிள்ளானில் ஹைலேண்ட் டவர்ஸின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் மாண்டார்கள். 1995 ஜூனில் கெந்திங் மலைக்கு ஏறும் சாலையில் மண்ணும் மரமும் அடித்துவந்து 20 பேரைக் கொண்டுபோயின. பூங்காவை மூடியதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் மூடியது சரி.

மனிதர்கள் போன பிறகு வெட்டவெளிக்கு முதலில் வரும் மரங்களில் ஒன்று மஹாங். தமிழ்நாட்டு வட்டக்கண்ணியின் பங்காளி, அதே வட்ட இலை. அதன் சில வகைகளில் தண்டு உள்ளே கூடு. அதற்குள் எறும்புகள் குடியிருக்கும். மரம் அவற்றுக்கு வெள்ளை மணிகளாக உணவு சுரந்து தரும். எறும்புகள் புழுக்களை விரட்டும், சுற்றிப் படரும் கொடியின் நுனியைக் கடித்துப் போடும். இந்த உறவை உலகுக்கு விரிவாகச் சொன்ன ஆய்வுகளில் முக்கியமானவை உலு கோம்பாக்கிலேயே, மலாயாப் பல்கலைக்கழகம் 1965-இல் தொடங்கிய கள ஆய்வு மையத்தைச் சுற்றி நடந்தவை. பேய் பார்க்க மிமாலேண்டின் பாழடைந்த குளத்துக்குப் போகும் இளைஞர்கள் பகலில் ஒரு மஹாங் தண்டை உற்றுப் பார்த்தால் அதைவிடப் பெரிய அதிசயம் கிடைக்கும். அதற்குப் பூங்காவுக்குள் நுழைய வேண்டியதுமில்லை, சாலையோரமே போதும். மழைக்காலத்தில் அந்தச் சரிவுப் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள்.

அந்த மலைத் தண்ணீரைப் பார்க்க வேண்டுமென்றால் கோலாலம்பூரின் மஸ்ஜித் ஜாமேக்குக்குப் போங்கள். சில நாள் மழையில்லாத பிறகு, பள்ளிவாசலைப் பார்த்தபடி ஆற்றின் தென்புறம் நில்லுங்கள். வலக்கைப் பக்கம் வருவது கிள்ளான் ஆறு. இடக்கைப் பக்கம் வருவது கோம்பாக். பத்துமலை அடிவாரத்து பத்து ஆறும் வழியில் அதோடு சேர்ந்துவிட்டது. கலங்கலாகத்தான் இருக்கும். நாங்கள் குளித்த மலையின் ஊற்று நீரும் அதில் வருகிறது. இரண்டும் சேர்ந்து பிரிக்ஃபீல்ட்ஸின் முதுகுப்புறமாக ஓடி, கிள்ளானைத் தாண்டிக் கடலுக்குப் போகின்றன.