ஹாலோ பாயின்ட் தோட்டா: அந்த அட்டவணை மயிலாப்பூருக்குப் பொருந்துமா?

போன மாசம் எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பூட்டை உடைத்துவிட்டார்கள். மறுநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு மாமா என்னைக் கூப்பிட்டார். அவரிடம் லைசன்ஸோடு ஒரு .32 ரிவால்வர் உண்டு. அமெரிக்காவில் இருக்கும் பையன், "சாதா தோட்டா வேஸ்ட்பா, தற்காப்புன்னா ஹாலோ பாயின்ட்தான்" என்று சொல்லி, கம்பெனி வாரியாக ஒப்பிட்ட ஒரு அட்டவணையையும் அனுப்பியிருந்தானாம். "இதுல எதுப்பா நல்லது?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. இரண்டு வாரம் படித்ததில் புரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அடிப்படை. தோட்டா என்பது பித்தளைக் குப்பி, மருந்து, நுனியில் குண்டு எல்லாம் சேர்ந்தது. பறந்து போவது குண்டு மட்டும்தான். சாதா குண்டு முழு ஈயமாகவோ, செப்பு உறை போட்டதாகவோ இருக்கும். ஹாலோ பாயின்ட்டில் குண்டின் மூக்கில் ஒரு குழி. உடம்புக்குள் போகும்போது அந்தக் குழியில் ஈரத் தசை அடைந்து, அழுத்தம் ஏறி, குண்டு குடை மாதிரி விரியும். காயம் பெரிதாகும். விரிந்த குண்டு சீக்கிரம் நின்றுவிடும் என்பதால், உடம்பைத் துளைத்து வெளியே போய் பின்னால் நிற்பவர்மேல் படும் வாய்ப்பும் குறையும். அமெரிக்கப் போலீஸ் இதை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 1890களில் கல்கத்தா பக்கம் டம்டம் ஆயுதச் சாலையில், நுனி விரியும் துப்பாக்கிக் குண்டைப் பிரிட்டிஷ்காரர்கள் செய்தார்கள். "டம்டம் புல்லட்" என்ற பேர் அங்கிருந்து வந்ததுதான். 1899 ஹேக் மாநாட்டில், நாடுகளுக்கு இடையிலான போரில் விரியும் குண்டைப் பயன்படுத்தக் கூடாது என்று பிரகடனம் செய்தார்கள். அது போருக்கான விதி. போலீஸையோ வீட்டுக்காரரையோ பற்றியது இல்லை.

இன்றைய அட்டவணைகள் பிறந்த கதை வேறு. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ.க்கும் இரண்டு கொள்ளையர்களுக்கும் சண்டை. ஒரு 9 மி.மீ. ஹாலோ பாயின்ட் குண்டு கொள்ளையனின் கையைத் துளைத்து, நெஞ்சுக்குள் போய், இதயத்தைத் தொடாமல் நின்றுவிட்டது. சாக வேண்டிய ஆள் தொடர்ந்து சுட்டான். இரண்டு ஏஜென்ட்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு எஃப்.பி.ஐ. ஒரு சோதனை முறை கொண்டுவந்தது: 10 சதவீத ஜெலட்டின் கட்டிக்குள் குண்டு குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும், 18 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. கனமான துணி, பிளைவுட், கார் கண்ணாடி என்று தடுப்பு வைத்தும் சுட்டுப் பார்ப்பார்கள். ஆக, விரிவது மட்டும் போதாது, ஆழமும் வேண்டும். ஒன்று கூடினால் மற்றது குறையும். அட்டவணையின் சாரம் இவ்வளவுதான்.

இனி மாமாவின் ரிவால்வர். அந்த அட்டவணையில் பெரும்பாலும் 9 மி.மீ.தான். நம் நாட்டில் அது தடை செய்யப்பட்ட ரகம், சாதாரண லைசன்ஸுக்குக் கிடைக்காது. 9 மி.மீ. குண்டு வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகத்தில் போகும். 1896இல் வந்த .32 ரிவால்வர் தோட்டாவோ சுமார் 215 மீட்டர்தான். கணக்குப் போட்டால் ஆற்றல் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. மூக்கில் குழி இருந்தாலும் விரிவதற்கு வேகம் வேண்டுமே. மெதுவாகப் போகும் குண்டின் குழியைச் சட்டைத் துணி அடைத்தால் அது சாதா குண்டு மாதிரியே போகும். தப்பித்தவறி விரிந்தால் ஆழம் போகாது. அதனால் பையன் அனுப்பிய பட்டியலில் எது முதலிடம் என்பது இங்கே அர்த்தமில்லாத கேள்வி.

இங்கே முக்கியமான கேள்வி வேறு என்று எனக்குக் காட்டியது, கிண்டியைத் தாண்டி ராமாவரத்தில் நடந்த சம்பவம். 1967 ஜனவரி 12. எம்.ஜி.ஆரை அவர் வீட்டிலேயே, மிக அருகிலிருந்து எம்.ஆர். ராதா சுட்டார். குண்டு இடது காது ஓரம் பாய்ந்தது. பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். இரண்டு பேருமே பிழைத்தார்கள். எம்.ஜி.ஆர். ஆஸ்பத்திரியில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார். குரல் மட்டும் பழையபடி திரும்பவில்லை. தோட்டாக்கள் பல வருஷம் பழையவை, மருந்து வீரியம் இழந்திருந்தது என்பதுதான் இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

இதைச் சொன்னதும் மாமா எழுந்து போய் பீரோவைத் திறந்தார். அவருடைய தோட்டாக்கள் வாங்கிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறதாம். ரிவால்வரை எடுத்துச் சுட்டுப் பார்த்ததே இல்லை. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பார், முடிந்ததும் வாங்கி வருவார், அவ்வளவுதான். சென்னைப் புழுக்கத்தில் பன்னிரண்டு வருஷம் கிடந்த தோட்டா வெடிக்குமா, பாதியில் நிற்குமா என்று பார்த்துச் சொல்ல முடியாது. அரைகுறையாக வெடித்து குண்டு குழலுக்குள் மாட்டிக்கொண்டு, அடுத்ததையும் சுட்டால் ஆபத்து சுடுபவருக்குத்தான்.

சட்டத்தையும் படித்தேன். தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. பழைய ஐ.பி.சி.யில் 96 முதல் 106 வரை. இரவில் வீடு உடைத்து நுழைபவன் விஷயத்தில் உரிமை பெரிது. ஆனாலும் தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யக் கூடாது, போலீஸைக் கூப்பிட நேரம் இருந்தால் அந்த உரிமையே இல்லை. இருட்டில் ஹாலில் நிற்பது திருடனா, தண்ணீர் குடிக்க எழுந்த பேரனா என்பதை எந்தக் குண்டும் பார்த்துச் சொல்லாது.

மாமாவிடம் மூன்று விஷயம் சொன்னேன். பையனின் அட்டவணையை மறந்துவிடுங்கள். பழைய தோட்டாவைக் குப்பையில் போடாமல், என்ன செய்வதென்று ஸ்டேஷனில் கேளுங்கள். ரிவால்வரை வைத்துக்கொள்வதானால் முறையாகச் சுடப் பழகுங்கள், முடியாதென்றால் ஒப்படைப்பதைப் பற்றி யோசியுங்கள். மூன்றாவதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அப்பா காலத்து லைசன்ஸ், விட மனசு வராது என்பது எனக்கும் புரிகிறது. இந்த வாரம் வாசலுக்கு இரும்புக் கதவு போட ஆள் வந்திருந்தார்.