யாரைப் பார்த்துச் சிரிக்கின்றோம்?
ஆங்கிலேய, அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களும் நமது ‘கோமாளிகளும்’

நகைச்சுவை ரசனை ஆளுக்கு ஆள் வேறுபடுவது. ஒரே வீட்டில் தந்தையார் அரசாங்க அலுவலக நையாண்டி ஒன்றைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருப்பார். மகனோ, இதில் என்ன பகிடி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, அமெரிக்க நண்பர் கூட்டமொன்றின் கதையைக் கைத்தொலைபேசியில் பார்த்து வாய்விட்டுச் சிரிப்பான். கண்டியிலிருந்து மஹியங்கனை செல்லும் வீதியில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஹுன்னஸ்கிரிய போன்ற ஊர்களிலும் இன்று இதே நிலைதான். 1982ஆம் ஆண்டு ரூபவாஹினி தனது ஒளிபரப்பை ஆரம்பித்த காலத்தில், மலைகள் அலைகளை மறித்தமையால் உயரமான கம்பங்களில் அன்டெனாக்களைக் கட்டித் திருப்பித் திருப்பிப் படம் பிடித்தவர்கள் மலைநாட்டவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் உலகின் எந்த மூலையில் தயாரான தொடரையும் விரும்பிய நேரத்தில் பார்க்கின்றனர்.

எதைப் பார்த்துச் சிரிப்பது என்பது அவரவர் விருப்பம். ஆனால் யாரைப் பார்த்துச் சிரிக்கின்றோம், யாரோடு சேர்ந்து சிரிக்கின்றோம் என்பவை தனிமனித விருப்பத்தோடு முடிந்துவிடும் விடயங்கள் அல்ல. பல இனங்கள் அடுத்தடுத்து வாழும் நாடொன்றில் அவை சமூகத்தின் கேள்விகளாகும்.

நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று தொல்காப்பியம் வகுத்துள்ளது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன அவை. பிறரை இகழ்வதிலும், சிறுபிள்ளைத்தனத்திலும், அறியாமையிலும், எதையும் நம்பிவிடும் வெகுளித்தனத்திலும் சிரிப்புப் பிறக்கிறது என்பது இதன் பொருள். இரண்டாயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்ததாகக் கருதப்படும் இந்தப் பகுப்பு, இன்றைய தொலைக்காட்சித் தொடர்களையும் விளங்கிக்கொள்ள உதவுகிறது.

ஒரே பண்டம், இரு பக்குவம்

ஒரு வீடு, ஓர் அலுவலகம், ஒரு ஹோட்டல் என நிலையான ஓர் இடம். வாரந்தோறும் மாறாத சில பாத்திரங்கள். அரைமணி நேரத்தில் தோன்றி முடியும் ஒரு சிக்கல். ‘சிட்கொம்’ எனப்படும் சூழ்நிலை நகைச்சுவைத் தொடரின் இலக்கணம் இவ்வளவுதான். இதனை அமெரிக்கர்களும் பிரித்தானியர்களும் வெவ்வேறு விதமாகக் கையாண்டனர்.

பிரித்தானியத் தொடர்களைப் பெரும்பாலும் ஓர் எழுத்தாளரோ இருவரோ எழுதினர். ஒரு பருவத்துக்கு ஆறேழு அங்கங்கள் மட்டுமே தயாரிக்கப்படுவது வழக்கம். ஜோன் கிளீஸும் கொனி பூத்தும் எழுதிய ‘ஃபோல்டி டவர்ஸ்’ 1975, 1979 ஆகிய ஆண்டுகளில் மொத்தமாகப் பன்னிரண்டு அங்கங்களோடு நிறைவடைந்தது. அமெரிக்காவிலோ ஒரு மேசையைச் சுற்றிப் பல எழுத்தாளர்கள் அமர்ந்து, ஆண்டுக்கு இருபதுக்கும் மேற்பட்ட அங்கங்களை உருவாக்கினர். 1994 முதல் 2004 வரை ஒளிபரப்பான ‘பிரெண்ட்ஸ்’ தொடர் 236 அங்கங்களைக் கொண்டது. நூறு அங்கங்களை எட்டிய தொடரைப் பிரதேச நிலையங்களுக்கு மறு ஒளிபரப்புக்காக விற்றுப் பெரும் இலாபம் ஈட்டலாம் என்ற வர்த்தகக் கணக்கும் இதற்குப் பின்னால் இருந்தது.

இந்த வேறுபாடு பாத்திரப் படைப்பையும் பாதித்தது. ஆறு வாரங்கள் மட்டும் சந்திக்கும் மனிதன் எவ்வளவு அருவருப்பானவனாக இருந்தாலும் பார்வையாளர் பொறுத்துக்கொள்வர். பத்து ஆண்டுகள் வீட்டுக்கு வந்துபோகும் மனிதன் ஓரளவேனும் அன்புக்குரியவனாக இருந்தாக வேண்டும். ஆகவே பிரித்தானிய நாயகன் தன் பேதைமையால் தோற்று, திருந்தாமல், மறுவாரமும் அதே பள்ளத்தில் விழுகிறான். அமெரிக்க நாயகன் தவறிழைத்து, இறுதியில் ஒரு நண்பனின் தோளில் சாய்ந்து கொஞ்சம் திருந்துகிறான்.

இதற்குச் சிறந்த உதாரணம் ‘தி ஒபிஸ்’. 2001ஆம் ஆண்டு பிபிசியில் தொடங்கிய மூலத் தொடர் பன்னிரண்டு அங்கங்களோடும் ஒரு நத்தார் விசேட நிகழ்ச்சியோடும் முடிவுற்றது. 2005ஆம் ஆண்டு தொடங்கிய அமெரிக்க வடிவமோ 2013 வரை 201 அங்கங்கள் நீடித்தது. அமெரிக்க வடிவத்தின் முதற் பருவத்தில் மூலத் தொடரின் முகாமையாளரைப் போலவே எரிச்சலூட்டிய மைக்கல் ஸ்கொட் என்ற பாத்திரம், இரண்டாம் பருவத்திலிருந்து இரக்கத்துக்குரியதாக மாற்றப்பட்டது.

அமைச்சரும் செயலாளரும் இனிமையான சொற்களால் ஒருவரையொருவர் கவிழ்க்கும் ‘யெஸ் மினிஸ்டர்’ (1980-1984) தொடரையே நான் இன்றும் விரும்பிப் பார்க்கின்றேன். அரசாங்கக் கந்தோர்களில் கோப்பு நகரும் விதத்தை அறிந்த இலங்கையர் எவருக்கும் அதற்கு விளக்கவுரை தேவைப்படாது. ஆயினும் குடும்பத்தையும் ஊரையும் பிரிந்து தொலைதூர நகரத்தில் தொழில் பார்க்கும் இளைஞனுக்கு, நண்பர்களே குடும்பமாகும் அமெரிக்கக் கதை ஆறுதல் தருவதில் வியப்பில்லை. இதில் உயர்வு தாழ்வு பேச இடமில்லை.

எள்ளலின் ஆபத்து

நான்கு நகைகளுள் மிகுந்த கவனத்தோடு கையாளப்பட வேண்டியது எள்ளல். 1960களில் பிபிசியில் ஒளிபரப்பான ‘டில் டெத் அஸ் டூ பார்ட்’ தொடரில் அல்ஃப் கார்னெட் என்ற இனவெறி பிடித்த முதியவர் நாயகனாக இருந்தார். அவரது அறியாமையைக் கேலி செய்வதே எழுத்தாளரின் நோக்கம். ஆனால் பார்வையாளரில் ஒரு சாரார், தமது மனத்தில் உள்ளதை அவர் துணிந்து பேசுகிறார் என்று கைதட்டினர். 1971ஆம் ஆண்டு இத்தொடர் ‘ஓல் இன் த ஃபமிலி’ என்ற பெயரில் அமெரிக்காவுக்குச் சென்றபோது அங்கும் அதுவே நிகழ்ந்தது. ஒரு கேலி யாரைக் குறிவைக்கின்றது என்பதை எழுதுபவர் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

இலங்கை வீடுகளிலும் பெயர் பெற்ற ‘மைண்ட் யுவர் லேங்குவேஜ்’ மற்றொரு உதாரணம். லண்டனில் ஆங்கிலம் கற்க வந்த பல நாட்டவர்கள் ஒரே வகுப்பறையில் அமர்ந்திருக்கும் இத்தொடர் 1977 முதல் 1979 வரை ஒளிபரப்பாகியது. அதில் ரஞ்சித் சிங் என்ற சீக்கியராக நடித்த அல்பர்ட் மோசஸ் நமது கண்டி மாவட்டத்தின் கம்பளையில் 1937ஆம் ஆண்டு பிறந்தவர் என்பது பலரும் அறியாத செய்தி. பாகிஸ்தானியராக நடித்த டினோ ஷஃபீக், டாக்காவில் பிறந்தவர். இனங்களை ஒரே அச்சில் வார்த்துக் காட்டுகிறது என்ற கண்டனத்துக்கு உள்ளான அத்தொடரை, அச்சில் வார்க்கப்பட்ட நாடுகளின் மக்களே விரும்பிப் பார்த்தனர். ஆசிய முகங்களைத் திரையில் காண்பதே அரிதாக இருந்த காலம் அது. எனினும் அப்பாத்திரங்களின் வசனங்களை அவர்கள் எழுதவில்லை. ஆங்கிலேயரான வின்ஸ் பவல் எழுதினார்.

பேனா கைமாறியபோது நகைச்சுவையும் மாறியது. 2007ஆம் ஆண்டு கனடாவில் தொடங்கிய ‘லிட்டில் மொஸ்க் ஒன் த பிரெய்ரி’ தொடரை உருவாக்கியவர் ஸர்க்கா நவாஸ் என்ற முஸ்லிம் பெண்மணி. 2012ஆம் ஆண்டு பிபிசியில் ஆரம்பமான ‘சிட்டிசன் கான்’ தொடரின் நாயகனாக நடித்து, அதன் உருவாக்கத்திலும் பங்கேற்றவர் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த ஆதில் ராய். பின்னைய தொடருக்கு முஸ்லிம்கள் மத்தியிலிருந்தே முறைப்பாடுகள் எழுந்தன. ஆயினும் அது ஒரு குடும்பத்துக்குள் நடக்கும் வாக்குவாதத்தை ஒத்தது. அயலவன் வீட்டு வாசலில் வந்து நின்று ஏளனம் செய்வதைப் போன்றதன்று.

நாம் மறந்த முன்மாதிரி

இவற்றையெல்லாம் பேசும்போது நமது சொந்த முதுசத்தை மறந்துவிடலாகாது. இலங்கை வானொலியில் சானா என்ற சண்முகநாதனின் ‘லண்டன் கந்தையா’ போன்ற நகைச்சுவை நாடகங்கள் பேச்சுத் தமிழுக்கு ஒரு மேடை அமைத்துக் கொடுத்தன. அந்த வழியில் வந்து, 1976ஆம் ஆண்டு திரைப்படமாகவும் வெளியானது ‘கோமாளிகள்’. அதன் பிரதான பாத்திரங்கள் நான்கு. மரிக்கார் முஸ்லிம் பேச்சுத் தமிழிலும், அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழிலும், உபாலி சிங்களவர் பேசும் தமிழிலும், ஐயர் பிராமணத் தமிழிலும் உரையாடினர்.

இங்கே கவனிக்க வேண்டியது யார் எந்த வேடம் ஏற்றார்கள் என்பதாகும். முஸ்லிம் மரிக்காராக நடித்தவர் தமிழரான எஸ். ராமதாஸ். சிங்கள உபாலியாக நடித்தவர் தமிழரான எஸ். செல்வசேகரன். அப்புக்குட்டியாக டி. ராஜகோபால் நடித்தார். ஐயராக நடித்தவரோ முஸ்லிமான பி.எச். அப்துல் ஹமீத். மற்றவரின் மொழியைச் செவிகொடுத்துக் கேட்டு, அதன் ஓசையைக் கெடுக்காமல் பேசிக் காட்டினால்தான் இந்த விளையாட்டு பலிக்கும். நால்வரும் கோமாளிகளாக இருந்தபடியால் எவரும் மற்றவரிலும் தாழ்ந்தவராகத் தோன்றவில்லை. அதனால்தான் ராமதாஸை ‘மரிக்கார்’ என்ற அடைமொழியோடும் செல்வசேகரனை ‘உபாலி’ என்ற அடைமொழியோடும் ரசிகர்கள் அழைத்தனர்.

குறை இல்லாமலும் இல்லை. அந்த நான்கு பாத்திரங்களுள் மலையகத் தோட்டத் தமிழுக்குத் தனியொரு நாற்காலி போடப்படவில்லை. அந்தக் குறையை நிவர்த்தி செய்யும் அடுத்த தலைமுறை நாடகங்கள் வளர்ந்திருக்க வேண்டிய காலத்தில் 1983 ஜூலைக் கலவரம் வந்தது. 1990ஆம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். தமிழ் பேசும் சமூகங்கள் ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்த்த ஆண்டுகளில், ஒருவர் மற்றவரின் பேச்சைப் பேசிச் சிரிக்கவைப்பது எளிதான காரியமாக இருக்கவில்லை.

அந்த வெற்றிடத்தைப் பிறர் நிரப்பினர். சிங்கள நாடகங்களிலும் திரைப்படங்களிலும் கொச்சைச் சிங்களம் பேசும் தமிழனும் முஸ்லிம் வியாபாரியும் நெடுங்காலமாக வந்துபோகின்றனர். தென்னிந்தியத் திரையில் ஈழத்துப் பேச்சு வழக்கு கதாநாயகனின் மொழியாக ஒலிக்க 2000ஆம் ஆண்டின் ‘தெனாலி’ வரவேண்டியிருந்தது. சமூக வலைத்தளங்கள் வந்த பின்னர் ஏளனத்துக்கு எழுத்தாளனும் தேவைப்படவில்லை, தயாரிப்பாளனும் தேவைப்படவில்லை.

அதன் விலை என்னவென்பதைக் கண்டி மாவட்டம் அனுபவித்தே அறிந்தது. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஹுன்னஸ்கிரியவுக்குச் செல்லும் அதே வீதியில் அமைந்த ஊர்கள் இவை. அரசாங்கம் சமூக வலைத்தளங்களைச் சில நாட்கள் முடக்க நேரிட்டது. தனது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்காக ஃபேஸ்புக் நிறுவனம் 2020ஆம் ஆண்டு மன்னிப்புக் கோரியது. கேலிச் சித்திரம் ஒன்று மட்டும் கடையை எரித்துவிடாது என்பது உண்மையே. ஆனால் ஒரு சமூகத்தை ஏளனத்தின் ஊடாக மட்டுமே அறிந்தவன், அதைப் பற்றிய வதந்தியை இலகுவில் நம்பிவிடுவான். ஒரு சமூகத்தார் மற்றொரு சமூகத்தாரைப் பரிகசிப்பதைத் திருக்குர்ஆனின் அல் ஹுஜுராத் அத்தியாயம் தடுத்திருப்பதன் தாற்பரியமும் இதுவே எனலாம்.

இதற்குப் பரிகாரம் சிரிப்பைத் தடை செய்வது அல்ல. தமிழ் பேசும் முஸ்லிமும், மலையகத் தமிழரும், வடக்கு கிழக்குத் தமிழரும், தமிழ் அறிந்த சிங்களவரும் ஒரே மேசையில் அமர்ந்து எழுதும் நகைச்சுவைத் தொடர் ஒன்று நமக்கு வேண்டும். அதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஹுன்னஸ்கிரியவைப் போன்றதொரு மலைநாட்டுச் சந்தியில் ஒரு தேநீர்க் கடையும், அங்கு வந்துபோகும் நான்கு மனிதர்களும் போதும். ஆறு அங்கங்களோடு நிறைவுபெறும் பிரித்தானிய முறை நமது நிலையங்களின் பொருளாதாரத்துக்குப் பொருந்தும். பாத்திரங்களை அன்போடு பார்க்கும் அமெரிக்க முறை நமது காயங்களுக்குப் பொருந்தும். பிறர் மொழியைப் பேசிக் காட்டும் வித்தையை ‘கோமாளிகள்’ ஏற்கனவே நமக்குக் கற்றுத் தந்திருக்கின்றனர். வானொலி, தொலைக்காட்சி நிலையங்களில் பொறுப்பான பதவிகளில் இருப்போர் இது குறித்துச் சிந்திப்பார்களாக.